மயிலாப்பூர் வழியே சீனாவுக்கு

கேள்வி: சீனாவில் முதன்முதலாகக் கத்தோலிக்க மறைப்பணி செய்த துறவி, போகும் வழியில் மயிலாப்பூரில் தங்கியதாக ஒரு சொற்பொழிவில் கேட்டேன். போர்ச்சுகீசியர் வருவதற்கு முன்பே இது நடந்திருக்குமா? சீனாவுக்குப் போகிறவர் இந்தப் பக்கம் ஏன் வரவேண்டும்?
– வாசகர், மந்தைவெளி, சென்னை

பதில்: நடந்திருக்கிறது. போர்ச்சுகீசியர் சாந்தோமில் காலூன்றுவதற்கு இருநூறு ஆண்டுகளுக்கும் முன்னரே, 1291-இல், மோந்தேகொர்வீனோ யோவான் என்ற இத்தாலிய பிரான்சிஸ்கன் துறவி, பாரசீகத்தின் தப்ரீஸ் நகரிலிருந்து கிளம்பி இந்தியா வந்தார். புனித தோமையாரின் கோயில் உள்ள நாட்டில் 13 மாதங்கள் தங்கியதாகவும், ஏறத்தாழ நூறு பேருக்குத் திருமுழுக்கு அளித்ததாகவும், உடன் வந்த டொமினிக்கன் துறவி நிக்கோலா இறந்து அக்கோயிலிலேயே அடக்கம் செய்யப்பட்டதாகவும் 1305-இல் அவர் எழுதிய கடிதம் கூறுகிறது. அக்கோயில் மயிலாப்பூரில் இருந்தது என்பதே ஆய்வாளர்கள் பொதுவாக ஏற்கும் கருத்து.

இந்தப் பக்கம் வந்த காரணத்தையும் அக்கடிதத்திலிருந்தே ஊகிக்கலாம். தரைவழியே குறுகியது, ஐந்தாறு மாதங்களில் கடந்துவிடலாம். ஆனால் மங்கோலிய அரசர்களுக்கிடையே நெடுநாள் நீடித்த போர்களால் அவ்வழி அடைபட்டுக் கிடந்தது. கடல்வழிக்கோ இரண்டாண்டுகள்கூடப் போதாமல் போகலாம். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை மேலைக்காற்று, அதன்பின் மார்ச் வரை எதிர்க்காற்று என்று இக்கரையிலிருந்து எழுதிய முந்தைய கடிதத்திலேயே அவர் குறித்திருக்கிறார். பருவம் தவறினால் அடுத்த காற்றுக்காகக் கரையில் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

அந்த முந்தைய கடிதத்தில் நம் ஊர்க்காரர்கள் நின்று படிக்கவேண்டிய இடம் ஒன்று உண்டு. இங்குள்ள கப்பல்களில் இரும்பே கிடையாது, துணியைத் தைப்பதுபோலக் கயிற்றால் பலகைகளைத் தைத்திருக்கிறார்கள், ஆண்டுக்கொருமுறை தையலைப் பழுதுபார்க்காமல் கடலில் இறங்க முடியாது என்று சலித்துக்கொள்கிறார். 19-ஆம் நூற்றாண்டில் துறைமுகம் எழும்வரை சென்னைக்கு வந்த கப்பல்களிலிருந்து ஆட்களையும் சரக்கையும் கரைசேர்த்த மசூலாப் படகுகளும் இப்படித் தென்னங்கயிற்றால் தைக்கப்பட்டவையே. ஆணி அடித்த படகு நம் கடற்கரையின் அலையில் தரைதட்டிப் பிளந்துவிடும்; தைத்த படகு வளைந்துகொடுக்கும். கடலில் அவதிப்பட்டவரிடம் இந்த நியாயத்தை எதிர்பார்ப்பது சற்று அதிகம்தான்.

பின்னர் இன்றைய பெய்ஜிங்கான கான்பாலிக் சென்று, மூன்று மணிகள் கொண்ட கோபுரத்தோடு கோயில் எழுப்பினார். 1307-இல் திருத்தந்தை அவரைப் பேராயராக்கி, துணைக்கு ஆயர்களை அனுப்பினார். அவர்களில் மூவர் இந்தியாவின் வெயில் தாங்காமல் வழியிலேயே இறந்துபோனார்கள்.

கேள்வி: திபெத்துக்குச் சென்ற பாதிரியார்களுக்கும் தமிழ்நாட்டுக்கும் தொடர்பு உண்டா?
– வாசகி, பெரம்பூர், சென்னை

பதில்: ஒருவருக்கு உண்டு. 1624-இல் பத்ரிநாத் யாத்ரிகர்களோடு கலந்து மாணா கணவாயைக் கடந்து மேற்குத் திபெத்தின் சபராங்கை அடைந்த அந்தோனியோ தெ அந்த்ராதே இந்தப் பக்கம் வந்தவரல்லர். 1716-இல் லாசாவை அடைந்த இப்போலித்தோ தெசிதேரியைத்தான் சொல்கிறேன். இயேசு சபையினரான இவர் மடங்களில் தங்கிப் பௌத்த நூல்களைக் கற்று, திபெத்திய மொழியிலேயே நூல்கள் எழுதினார். அந்நாட்டு மறைப்பணி கப்புச்சின் சபைக்கே உரியது என்று ரோம் முடிவுசெய்ததால் 1721-இல் வெளியேற நேர்ந்தது. 1725-இல் புதுச்சேரிக்கு வந்து, நாற்பது வயதில் தமிழ் கற்கத் தொடங்கினார். 1727-இல் ரோமுக்குக் கப்பலேறினார்.