செயலிழப்பு அறிக்கையை எங்கே சேமிப்பது?

கேள்வி: சிறு கடைகளுக்கான பில்லிங் மென்பொருள் ஒன்றை விண்டோஸில் எழுதியிருக்கிறேன். அது இயங்கும்போது திடீரென நின்றுபோனால், காரணத்தைக் காட்டும் அறிக்கைக் கோப்பு ஒன்று மென்பொருளை நிறுவிய கோப்புறையிலேயே உருவாகும்படி செய்துள்ளேன். என் கணினியில் கோப்பு உருவாகிறது; கடைக்காரர்களின் கணினிகளில் காணவில்லை. எங்கே சேமிப்பது முறை?

பதில்: மென்பொருள்கள் வழக்கமாக நிறுவப்படும் 'புரோகிராம் ஃபைல்ஸ்' கோப்புறையில் எழுதும் உரிமை சாதாரணப் பயனர் கணக்குக்கு இல்லை. நீங்கள் நிர்வாகி உரிமையுடன் இயக்கிப் பார்த்திருப்பீர்கள். அதனால் உங்களிடம் மட்டும் தடை தெரியவில்லை. விண்டோஸின் விஸ்டா பதிப்பு முதற்கொண்டு, பழைய பாணியில் எழுதப்பட்ட 32 பிட் நிரல்கள் அங்கே எழுத முயன்றால், விண்டோஸ் அக்கோப்பைப் பயனரின் 'ஆப்டேட்டா' கோப்புறையில் 'லோக்கல்' பகுதியிலுள்ள 'விர்ச்சுவல் ஸ்டோர்' என்னும் இடத்துக்குச் சத்தமின்றித் திருப்பிவிடுவதும் உண்டு. காணாமற்போன அறிக்கைகள் சில அங்கே கிடக்கக்கூடும். ஒருமுறை தேடிப் பாருங்கள்.

உரிய இடம் அதே 'லோக்கல்' பகுதியில் உங்கள் மென்பொருளின் பெயரில் அமையும் தனிக் கோப்புறையே. விண்டோஸின் சொந்தப் பிழையறிக்கை வசதியை இதற்கென அமைத்தாலும், அது இயல்பாக 'லோக்கல்' பகுதியிலுள்ள 'கிராஷ்டம்ப்ஸ்' கோப்புறையில்தான் சேமிக்கிறது. 10 கோப்புகளுக்கு மேல் வைத்துக்கொள்வதுமில்லை. பக்கத்திலுள்ள 'ரோமிங்' பகுதி வேண்டாம். சில அலுவலக வலையமைப்புகளில் அது பயனருடன் கணினிக்குக் கணினி நகலெடுக்கப்படும். 'டாக்குமெண்ட்ஸ்' கோப்புறையும் ஏற்றதன்று. பலருடைய கணினியில் அது ஒன்டிரைவ் வழியாக இணையச் சேமிப்பகத்துக்குப் போய்விடுகிறது.

இடத்தைப் பற்றி இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. செயலிழந்த நேரத்தில் நினைவகத்தில் இருந்தவற்றின் நகலையே இத்தகைய கோப்பு தாங்கியிருக்கிறது என்பதால், வாடிக்கையாளரின் தொலைபேசி எண்ணோ, கடைக்காரர் அப்போதுதான் தட்டச்சு செய்த கடவுச்சொல்லோ அதில் அப்படியே பதிந்திருக்கலாம். அது கடைக்காரரின் உடைமை. மற்றப் பயனர்கள் திறக்கக்கூடிய இடத்தில் அதை வைப்பதும், அவரைக் கேட்காமல் உங்களுக்கு அனுப்பிக்கொள்வதும் தவறு. நாளை இதே மென்பொருளை லினக்ஸுக்குக் கொண்டுசென்றால், எல்லோருக்கும் பொதுவான 'டெம்ப்' கோப்புறையைத் தவிர்த்து, பயனரின் இல்லக் கோப்புறையில் '.லோக்கல்' (பெயரின் முன்னே புள்ளியுடன்) என்பதன் கீழுள்ள 'ஸ்டேட்' கோப்புறையைப் பயன்படுத்துங்கள்; பதிவுக் கோப்புகள் போன்றவற்றுக்காகவே 2021இல் அது லினக்ஸ் கோப்புறைகளுக்கான 'எக்ஸ்டிஜி' தரத்தில் சேர்க்கப்பட்டது.

இன்னொன்று: கோப்புறையை மென்பொருள் தொடங்கும்போதே உருவாக்கி, அதன் பாதையையும் கணித்து வைத்துவிடுங்கள். நினைவகம் சிதைந்த பிறகு அந்த வேலையைச் செய்ய முயன்றால், அறிக்கை எழுதும் பகுதியே செயலிழக்க நேரும்.

'ஆப்டேட்டா' இயல்பாக மறைந்திருக்கும் கோப்புறை என்பதால், தொலைபேசியில் வழி சொல்லிக் கடைக்காரரை அங்கே போகச் செய்வது கடினம். 'உதவி' பட்டியில் அந்தக் கோப்புறையைத் திறக்கும் பொத்தான் ஒன்றை வைத்துவிடுங்கள். அறிக்கையைத் தாமே பார்க்கவும் வேண்டாமெனில் அழிக்கவும் அவருக்கு அதுவே வழியாகும்.