வென்டிலேட்டரில் இருப்பவரை இப்போது ஏன் தினமும் எழுப்புகிறார்கள்?

2005-ல் தாத்தாவை வென்டிலேட்டரில் முழு மயக்கத்திலேயே வைத்திருந்தார்கள், இப்போது நாகர்கோவிலில் அப்பாவை தினமும் எழுப்பிப் பார்க்கிறார்களே, வலிக்காதா என்று கேட்டிருக்கிறீர்கள். வலி மருந்தைத் தேவைக்கேற்பக் கொடுத்துக்கொண்டு, மயக்க மருந்தை மட்டும்தான் குறைப்பார்கள். ஆழ்ந்த மயக்கம் நீண்டால் தசை கரையும், மனக்குழப்பம் வரும், தொண்டையில் போட்ட மூச்சுக் குழாயை எடுப்பது தள்ளிப்போகும்.

வென்டிலேட்டர் தள்ளும் காற்றின் அளவும் மாறிவிட்டது. நுரையீரலின் அளவு ஆளின் உயரத்தைப் பொறுத்தது, தொப்பையைப் பொறுத்தது அல்ல. 165 செ.மீ. ஆணுக்கு முன்பு ஒரு மூச்சுக்கு 740 மி.லி. வரை தள்ளுவார்கள். நுரையீரல் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு அதைப் பாதியாக்கியபோது இறப்பு குறைந்ததை 2000-ல் வெளியான ஆய்வு காட்டியது. இன்று சுமார் 370 மி.லி.தான். ஆக்சிஜன் அப்படியும் ஏறாவிட்டால் 16 மணி நேரம் குப்புறப் படுக்க வைப்பார்கள். பார்க்கப் பதறும், ஆனால் முதுகுப்பக்க நுரையீரல் விரிவது அப்போதுதான்.

தலைமாடு 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்கிறதா என்று நீங்களே பார்க்கலாம். தாழ்ந்தால் வயிற்றில் உள்ளது மேலேறி, எச்சிலோடு, குழாயைச் சுற்றி அடைப்பாக ஊதியிருக்கும் பலூனைத் தாண்டி நுரையீரலுக்குள் கசிந்து நிமோனியா வரலாம்.

மனக்குழப்பம் குறைய அப்பாவின் மூக்குக்கண்ணாடியைக் கொண்டுபோங்கள். கேரள எல்லையில் உள்ள களியக்காவிளைப் பக்கத்து ஆளென்றால் வீட்டுப் பேச்சிலேயே நாள், நேரம், ஊர் விசேஷம் சொல்லுங்கள். குழாய் இருப்பதால் குரல் வராது. கையை அழுத்தச் சொல்லிப் பாருங்கள்.