பட்டா நிலத்துல சந்தன மரம் திருடு போச்சு, கம்ப்ளைண்ட் குடுத்தா நம்ம மேலயே கேஸ் வருமா?

அரூர் பக்கத்துல இருந்து ஒரு விவசாயி கேட்டிருக்கார். வரப்போரம் குருவி எச்சத்துல தானா முளைச்ச சந்தன மரம் அஞ்சு, போன வாரம் ராத்திரி ஒண்ண அறுத்துட்டு போயிட்டாங்களாம். புகார் குடுத்தா "நீயே வித்துட்டு நாடகம் ஆடறியா"ன்னு கேப்பாங்களோன்னு பயம், வீட்டுல மீதி நாலையும் வெட்டி தள்ளிட்டு நிம்மதியா இருக்கலாம்னு சொல்றாங்களாம்.

அண்ணா, மொதல்ல அந்த நாலு மரத்துல கை வைக்காதீங்க. உங்க பயம் புரியுது, வாச்சாத்தி உங்களுக்கு எட்டி இருக்கற ஊர் இல்ல, 1992 ஜூன்ல சந்தனக் கட்டை தேடறோம்னு உள்ள போன வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆளுங்க ஊர் ஜனங்க மேல பண்ண கொடுமைக்கு 2011ல தான் தருமபுரி கோர்ட்ல தீர்ப்பு, அத ஹைகோர்ட் உறுதி பண்ண 2023 ஆயிடுச்சு, அதப் பாத்த ஜனங்க சந்தனம்னாலே வம்புன்னு கன்னுலயே பிடுங்கி எறியறாங்க. சந்தனத்த காட்டுல திருடன் தீர்த்தான், பட்டா நிலத்துல பயம் தீர்க்குதுன்னு தான் நான் சொல்வேன்.

ஆனா சட்டம் மாறிடுச்சு. தமிழ்நாடு வனச் சட்டத்துல 2002ல வந்த திருத்தத்துக்கு அப்புறம் பட்டா நிலத்து சந்தனம் நிலத்துக்காரருக்கு தான் சொந்தம். மரம் உங்களுது, ரம்பம் மட்டும் உங்களுது இல்ல, அவ்ளோ தான். விக்கணும்னா மாவட்ட வன அலுவலருக்கு மனு போடணும், அவங்க ஆளே வந்து எடுத்து வனத்துறை டிப்போவுக்கு கொண்டு போய் ஏலம் விட்டு, அவங்க பங்கு போக மீதி உங்களுக்கு வரும். நீங்களா வெட்டினாலோ, ராத்திரி டெம்போவோட வர்ற புரோக்கருக்கு குடுத்தாலோ அப்ப தான் நிஜமாவே நீங்க குத்தவாளி, வண்டியும் போயிடும்.

இப்ப உடனே பண்ண வேண்டியது: அடிக்கட்டையை நாலு பக்கமும் போட்டோ எடுங்க, சுத்தளவு அளக்கற டேப்போட சேத்து. நிக்கற நாலு மரத்தையும் ஒவ்வொண்ணா பாருங்க, இடுப்பு உயரத்துல விரல் நுழையற அளவு ஓட்டை இருந்தா வைரம் பாஞ்சிருக்கான்னு துளை போட்டு பாத்துட்டு போயிருக்கான், அடுத்து வருவான்னு அர்த்தம், அந்த ஓட்டையும் போட்டோல வரட்டும். ஸ்டேஷன்ல ஒரு புகார், ரேஞ்சர் ஆபீஸ்ல அதே புகாரோட இன்னொரு காப்பி, ரெண்டுலயும் சீல் போட்டு வாங்கிக்கோங்க. எழுதறப்ப எப்ப கடைசியா மரத்த பாத்தீங்க, எப்ப காணோம்னு தெரிஞ்சதுன்னு தேதியோட எழுதுங்க, ஏன்னா லேட்டா குடுத்தா தான் சந்தேகம் உங்க பக்கம் திரும்பும். ஸ்டேஷன்ல எடுக்கலன்னா பிஎன்எஸ்எஸ் (பழைய சிஆர்பிசிக்கு பதிலா வந்த குற்ற நடைமுறைச் சட்டம்) 173(4) படி எஸ்பிக்கு தபால்ல அனுப்பலாம்.

அடங்கல்ல, அதாவது ஊர் நில, பயிர் கணக்குல, மரம் பதிவாகி இருக்கான்னு விஏஓ கிட்ட கேளுங்க, இல்லன்னா மீதி நாலையும் ஏத்த சொல்லி மனு குடுங்க. உங்க பட்டா ஒருவேளை அரசாங்கம் நிபந்தனையோட குடுத்ததுன்னா அந்த காகிதத்த எனக்கு அனுப்புங்க, மரத்த பத்தி அதுல என்ன போட்டிருக்குன்னு பாத்துட்டு தான் பேசணும்.

மனு ஓடற வரைக்கும் பக்கத்து புங்கன், வேம்பு எதையும் வெட்டிடாதீங்க, சந்தன வேர் அதுங்க வேர்ல ஒட்டி உறிஞ்சி தான் பொழைக்குது. அப்புறம் அந்த அடிக்கட்டை, வேர்ல தான் எண்ணெய் அதிகம், அவசரத்துல திருடன் அத விட்டுட்டு போயிருக்கான், வனத்துறை வந்து மகஜர் (இடத்த பாத்து எழுதற அறிக்கை) போடற வரைக்கும் யாரையும் தோண்ட விடாதீங்க, நீங்களும் தோண்டாதீங்க.