மியூசிக் வீடியோவின் எடிட்டிங், லைட்டிங், விஎஃப்எக்ஸ் (கணினியில் சேர்க்கும் காட்சி வேலை) மூன்றையும் பிரித்து ஆராய்வது எப்படி?

முதல் தடவை சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் தாளம் தப்பிய கட்கூட, அதாவது ஒரு ஷாட்டிலிருந்து அடுத்ததற்கு மாறும் வெட்டுகூட, சரியாக விழுந்ததுபோலவே தோன்றும். சத்தம் இல்லாதபோதுதான் எந்த ஷாட் இழுக்கிறது, எது அவசரப்படுகிறது என்று பிடிபடும். அடுத்து படத்தை மறைத்துவிட்டுப் பாட்டை மட்டும் கேட்டு, பல்லவி, இடையிசை, சரணம் தொடங்கும் நேரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வீடியோவைப் பிரேம் பிரேமாக, அதாவது ஒவ்வொரு நிலைப்படமாக, நகர்த்தலாம். விஎல்சி பிளேயரில் அதற்கு ஆங்கில 'E' விசை. யூடியூபில் வீடியோவை நிறுத்திவிட்டு முற்றுப்புள்ளி விசையைத் தட்டினால் ஒரு பிரேம் முன்னே போகும், காற்புள்ளி விசை பின்னே கொண்டுவரும். வீடியோமேல் வலது கிளிக் செய்து புள்ளிவிவரப் பெட்டியைத் திறந்தால் விநாடிக்கு எத்தனை பிரேம் என்பதும் தெரியும். அது தெரியாமல் எண்ணத் தொடங்காதீர்கள்.

எடிட்டிங்கில் கணக்கு எளிது: 60-ஐ பாட்டின் பிபிஎம்மால் (நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்ற எண்) வகுத்து, பிரேம் வேகத்தால் பெருக்கினால் ஒரு தட்டுக்கு எத்தனை பிரேம் என்று வரும். 120 பிபிஎம், விநாடிக்கு 24 பிரேம் என்றால் ஒரு தட்டுக்கு 12. ஆனால் 128 பிபிஎம் என்றால் 11.25. கால் பிரேமில் யாராலும் வெட்ட முடியாது. ஆகவே ஒவ்வொரு தட்டிலும் வெட்டும் எடிட்டரிடம் 11, 11, 11, 12 என்ற வரிசை கிடைக்கும், நான்கு தட்டுக்கு 45 பிரேம். எல்லா ஷாட்டும் 11 பிரேமாகவே ஓடினால், நான்கு தட்டுக்கு ஒரு பிரேம் வீதம் கட் தாளத்துக்கு முன்னால் நகர்ந்துகொண்டே போகிறது என்று அர்த்தம்.

கட் சரியாகத் தட்டின்மேல் விழுகிறதா, ஓரிரு பிரேம் முன்னாலா, பின்னாலா என்றும் குறியுங்கள். கண்ணுக்குப் புதிய படத்தைப் பிடிக்கச் சற்று நேரம் ஆகும் என்பதால் பல எடிட்டர்கள் ஒன்றிரண்டு பிரேம் முன்னதாகவே வெட்டுவார்கள். இன்னொரு வகை, கட்-ஐத் தட்டில் வைக்காமல் அசைவை வைப்பது: கை கீழே இறங்கும் கணமோ கால் தரையில் படும் கணமோ தட்டில் விழும், கட் அதற்கு அரைத் தட்டு முன்பே முடிந்திருக்கும். என் கணிப்பில் நல்ல எடிட்டிங்கையும் வெறும் வேக எடிட்டிங்கையும் பிரிப்பது இதுதான்.

சராசரி ஷாட் நீளத்தை மட்டும் நம்பாதீர்கள். 240 விநாடிக்கு 120 ஷாட் என்றால் சராசரி 2 விநாடி. பல்லவியில் 1 விநாடி, சரணத்தில் 4 விநாடி என்று இருந்தாலும் அதே 2 வரலாம். பகுதி பகுதியாகக் கணக்கிடுங்கள். பாட்டு முழுவதையும் எண்ண வேண்டாம்; முதல் பல்லவி, கடைசிப் பல்லவி, நடுவில் ஒரு சரணம் போதும். டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளில் கட்டுகளைத் தானாகக் கண்டுபிடிக்கும் வசதி இருக்கிறது. ஆனால் விட்டுவிட்டு மின்னும் ஸ்ட்ரோப் வெளிச்சத்தை அது கட் என்று எண்ணிவிடும், மெல்லக் கரையும் டிசால்வைத் தவறவிடும். கையால் ஒருமுறை சரிபார்த்தே ஆக வேண்டும்.

பாடகரின் உதடு பாட்டோடு பொருந்துகிறது, ஆனால் கூந்தலும் துணியும் மிதக்கின்றன என்றால், அது விஎஃப்எக்ஸ் அல்ல, படப்பிடிப்புத் தந்திரம். செட்டில் பாட்டை இரு மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, பாடகர் அதற்கே வாயசைக்க, கேமரா 48 பிரேமில் எடுக்கும். 24-இல் ஓட்டும்போது உதடு சரியாகிவிடும், மற்றதெல்லாம் பாதி வேகம். தோற்கும் இடம் 'ப', 'ம' வரும் சொற்கள்: இரட்டை வேகத்தில் பாடும்போது உதடு முழுதாக மூடாமலே அடுத்த எழுத்துக்கு ஓடிவிடும். அந்த இடங்களில் நிறுத்திப் பாருங்கள். பின்னோக்கி ஓட்டப்பட்ட காட்சிக்கு அடையாளம் வேறு: உடல் அசைவதற்கு முன்பே கூந்தலும் துணியும் அசையத் தொடங்கும். கோல்ட்பிளே இசைக்குழுவின் 'தி சயின்டிஸ்ட்' வீடியோவுக்காக அதன் பாடகர் கிறிஸ் மார்ட்டின் பாட்டையே தலைகீழாகப் பாடக் கற்றுக்கொண்டது உதடு பொருந்த வேண்டும் என்பதற்காகத்தான்.

லைட்டிங்குக்கு ஒரு குளோசப்பில் நிறுத்திக் கண்மணியைப் பாருங்கள். அதில் தெரியும் வெளிச்சப் புள்ளி வட்டமா, சதுரமா, வளையமா, நீண்ட கோடா என்பதே விளக்கின் வடிவம். அது இருக்கும் திசையே விளக்கின் திசை. அடுத்து மூக்கின் நிழல். விளிம்பு கத்தி வெட்டியதுபோல் இருந்தால் விளக்கு சிறியது அல்லது தொலைவில் உள்ளது. கரைந்திருந்தால் பெரியது, அருகில் உள்ளது. முகத்தின் இரு பக்கங்களுக்கும் ஒரு ஸ்டாப் (ஒவ்வொரு ஸ்டாப்பும் வெளிச்சத்தில் இரு மடங்கு) வித்தியாசம் என்றால் 2:1, மூன்று ஸ்டாப் என்றால் 8:1. எடுத்தபின் நிறத்தைத் திருத்தும் கிரேடிங்கில் கான்ட்ராஸ்ட் மாறியிருக்கும் என்பதால் இதைத் தோராயமாகவே எழுதுங்கள்.

நீல நிறம் விளக்கிலிருந்து வந்ததா, கிரேடிங்கிலா? கருப்பு முடியையும் கருப்புத் துணியையும் பாருங்கள். விளக்கின் நீலம் ஒரு பக்கத்திலிருந்து வரும்; அது படாத இடம் கருப்பாகவே இருக்கும். கிரேடிங் நீலம் பிரேமில் உள்ள எல்லா நிழலிலும் ஒரே சீராக ஏறியிருக்கும். ஸ்ட்ரோபுக்கும் இதே மாதிரி சோதனை: உண்மையான ஃபிளாஷ் புதிய நிழலை விழவைக்கும், சில சமயம் சென்சார் வரிவரியாகப் படிப்பதால் பிரேமின் பாதி மட்டும் வெளுத்திருக்கும். எடிட்டில் சேர்த்த ஃபிளாஷில் படம் முழுக்க வெளுக்கும், நிழல் இருந்த இடத்திலேயே இருக்கும். புகையையும் விடாதீர்கள், அடுத்தடுத்த இரு ஷாட்டில் ஒளிக்கற்றையின் அடர்த்தி மாறினால், அவை ஒரே வேளையில் எடுத்தவை அல்ல என்று ஊகிக்கலாம்.

விஎஃப்எக்ஸில் தேட வேண்டியது ஒட்டாத இடத்தை. பச்சைத் திரை என்றால் முடியின் விளிம்பில் பச்சைச் சாயல், பாதத்தடியில் நிழல் இல்லாமை, ஆளின் வெளிச்சம் இடமிருந்தும் பின்னணியின் வெளிச்சம் வலமிருந்தும் வருவது. ஒரே ஆள் மூவராகத் தெரியும் காட்சியில், ஒருவர் நிழல் அடுத்தவர்மேல் விழுகிறதா என்று பாருங்கள். ஒருமுறைகூட விழாவிட்டால் பெரும்பாலும் தனித்தனியாக எடுத்து நடுக்கோட்டில் ஒட்டியது. மென்பொருளால் மெதுவாக்கிய காட்சியில் விரல்களுக்கு நடுவில் பின்னணி நெளியும், கிட்டார் கம்பிகள் வளையும். சேர்க்கப்பட்ட லென்ஸ் ஃபிளேர் (லென்ஸில் விளக்கு பட்டுத் தெறிக்கும் ஒளிக்கீற்று), விளக்கின் முன்னால் ஆள் கடந்துபோனாலும் அணையாது. ஒரே ஷாட் எனச் சொல்லப்படும் வீடியோவில் கேமரா சட்டென்று திரும்பும் இடத்தையும் தூண் கடக்கும் இடத்தையும் பிரேம் பிரேமாக நகர்த்துங்கள். மங்கலின் திசை ஒரு பிரேமில் மாறினால் கட் அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

கிரெயின் (படத்தில் தெரியும் நுண்மணிப் புள்ளிகள்) பொருந்தவில்லை என்று மட்டும் அவசரப்பட்டு எழுதாதீர்கள். இணையத்தில் ஏற்றும்போதே சுருக்கத்தில் கிரெயின் அழிந்துவிடும், இருட்டுப் பகுதிகள் கட்டம் கட்டமாக உடையும், அது ஒட்டுவேலை மாதிரியே தெரியும். திரை சிறியதாக இருந்தாலும் கிடைக்கும் மிக உயர்ந்த தரத்தையே தேர்ந்தெடுங்கள், திரையின் இரவுநேர மஞ்சள் அமைப்பையும் அணைத்துவிடுங்கள்.