வார்டில் சும்மா நிற்பது

அன்புள்ள ஐயா,

அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் எம்.பி.பி.எஸ். முதலாமாண்டு படிக்கிறேன். இப்போதே எங்களை வார்டுக்கு அழைத்துப்போகிறார்கள். ஒரு கட்டிலைச் சுற்றி 30 பேர் நிற்கிறோம். நோயும் தெரியாது, மருந்தும் தெரியாது. அந்த நேரத்தில் அனாட்டமி படிக்கலாம் என்று நண்பர்கள் மட்டம் போடுகிறார்கள். நீங்கள் மருத்துவர் இல்லை, ஆனாலும் கேட்கிறேன். இதனால் பயன் உண்டா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

மருத்துவமனையில் நோயாளியிடம் உட்கார்ந்து பேசுவது யார் என்று கொஞ்ச நாளாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் இந்தப் பதில்.

ஒரு கட்டிலுக்கு 30 பேர் என்பது அபத்தம்தான். படுத்திருப்பவருக்கு உங்களைவிட எரிச்சலாக இருக்கும். சின்னக் குழுக்களாகப் பிரிக்கச் சொல்லி உங்கள் பேராசிரியரிடம் கேளுங்கள், என்னிடம் அல்ல. அனாட்டமியை ராத்திரியில் படியுங்கள்.

ஆனால் ‘நோயே தெரியாது, அங்கே என்ன வேலை’ என்கிறீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. நீட் கோச்சிங் உங்களை இப்படிப் பழக்கிவிட்டது. மார்க் இல்லாத மணி நேரம் எல்லாம் வீண்! அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரின் வெஸ்டர்ன் ரிசர்வ் கல்லூரியில் 1952-லேயே முதலாண்டு மாணவருக்கு ஒரு கர்ப்பிணியையும் அவர் குடும்பத்தையும் ஒப்படைத்தார்கள். அந்த மாணவருக்கு மட்டும் என்ன தெரிந்திருக்கும்? நமக்கு முதலாண்டிலேயே நோயாளியைப் பார்ப்பது 2019 பாடத்திட்டத்தில்தான் வந்தது. அதற்கு முன்பு முதலாண்டு முழுக்கப் பிணத்தை அறுத்துப் படிக்கும் கூடமும் லேபும்தான். இரண்டாமாண்டில்தான் வார்டு போஸ்டிங்.

அப்படி போஸ்டிங் வந்த புதிதில் ஒரு பெண் என் சித்தப்பாவின் கட்டிலருகே வந்தாள். சித்தப்பா ஒரு நூல் மில்லில் ராத்திரி வாட்ச்மேன். சர்க்கரை மாத்திரை போடுபவர். ஒரு நாள் காலையில் வேர்த்துக்கொட்டி நினைவில்லாமல் கிடந்தார். சர்க்கரை அதலபாதாளத்துக்கு இறங்கியிருந்தது. குளுக்கோஸ் ஏற்றியதும் எழுந்து உட்கார்ந்துவிட்டார். மாத்திரை ஒழுங்காகப் போடுகிறீர்களா என்று டாக்டர்கள் கேட்டார்கள். ஒரு வேளைகூட விட்டதில்லை என்றார். சாப்பாடு? அதுவும் உண்டு. இரண்டுமே உண்மை. கேஸ் ஷீட்டில் அப்படியே ஏறியது.

அந்தப் பெண்ணுக்கு மாத்திரையின் பெயரைக்கூடச் சரியாகப் படிக்கத் தெரியவில்லை. என்ன கேட்பதென்று தெரியாமல், “தூக்கமெல்லாம் எப்ப தாத்தா?” என்றாள். சித்தப்பாவுக்குப் பேச ஆள் கிடைத்தால் போதும். மில் நாய், ஷிப்ட் சூப்பர்வைசர், எல்லாம் வந்தது. நடுவில் இதுவும் வந்தது: காலை ஆறு மணிக்கு ஷிப்ட் முடியும், ஒரு டீ குடிப்பார், ‘காலை மாத்திரை’யைப் போடுவார், படுத்துவிடுவார். முதல் சாப்பாடே மத்தியானம்தான்.

அவளுக்கு அதில் ஒன்றும் தோன்றவில்லை. நோட்டில் எழுதியிருந்ததை உதவிப் பேராசிரியர் முன்னால் ஒப்பித்தாள், அவ்வளவுதான். அவர் “மறுபடி படி” என்றார். வெறும் வயிற்றில் போட்ட மாத்திரை, அவர் தூங்கும்போது சர்க்கரையை இறக்கியிருக்கிறது. டிஸ்சார்ஜின்போது அந்த மாத்திரை மத்தியானச் சாப்பாட்டோடு போடும்படி மாறியிருந்தது.

மருந்தியல் படித்திருந்தால் அவள் மாத்திரை எத்தனை மில்லிகிராம் என்று கேட்டிருப்பாள். உங்களுக்கும் இன்னும் ஓராண்டில் அந்தப் பழக்கம் வந்துவிடும், வரவும் வேண்டும். அதுவரைக்கும், ஒரு தாத்தாவிடம் பேரன் கேட்கிற கேள்விதான் உங்களிடம் இருக்கிறது. அதைக் கேட்க வெட்கமாக இருக்கிறதா?

அடுத்த முறை கூட்டம் நகர்ந்ததும் நீங்கள் மட்டும் அங்கேயே நில்லுங்கள். பேசலாமா என்று கேட்டுவிட்டுப் பேசுங்கள். தட்டில் சோறு இருந்தால் அப்புறம் வாருங்கள். கூட இருக்கும் மனைவியையோ மகளையோ விட்டுவிடாதீர்கள், பாதி விஷயம் அவர்களிடம்தான் இருக்கும். விசித்திரமாக ஏதாவது காதில் விழுந்தால் ஹவுஸ் சர்ஜனிடம், அதாவது வார்டில் இருக்கும் பயிற்சி டாக்டரிடம் சொல்லுங்கள். அவர் தூக்கமில்லாமல் இருப்பார், எரிந்து விழுவார். அதற்காகச் சொல்லாமல் வந்துவிடாதீர்கள்.