மான் வேட்டைக்குக் கறுப்பு வெடிமருந்து ரிவால்வர் வாங்கலாமா?

கேள்வி: அமெரிக்காவில் இருக்கிறேன். வெள்ளைவால் மான் வேட்டைக்கு, மருந்தும் குண்டும் தனித்தனியாக இடுகிற பழைய பாணி 44 காலிபர் (குழல் துளையின் அளவு) ரிவால்வர் வாங்க ஆசை. பித்தளை பிரேம் (உடற்சட்டம்) உள்ளது மலிவாகக் கிடைக்கிறது. மருந்தைக் கூட்டிப் போட்டால் போதாதா?

பதில்: போதாது. அந்தப் பித்தளை ரிவால்வரும் இதற்கு வேண்டாம். மருந்தைக் கூட்டிக் கூட்டிச் சுட்டால் பித்தளை பிரேம் நாளடைவில் இழுபட்டுத் தளர்ந்துவிடும். குறைந்த மருந்தில் குறி அட்டையைச் சுட்டுப் பழக மட்டும் அது சரி.

இரும்பு பிரேம் வாங்கினாலும் கணக்கைப் பாருங்கள். 44 காலிபர் உருண்டைக் குண்டின் எடை 140 கிரெய்ன் (குண்டுக்கும் மருந்துக்கும் வழங்கும் சிறு அளவு) அளவுதான். 1858 ரெமிங்டன் மாதிரி ரிவால்வரின் சுழல் உருளையில் உள்ள ஒவ்வொரு அறையிலும் 30, 35 கிரெய்ன் மருந்து பிடிக்கும். முழுக்க நிரப்பினாலும் குண்டின் ஆற்றல் 400 அடி-பவுண்டைத் தொடுவது அபூர்வம்; மானுக்கு அது குறைச்சல். லேசான உருண்டைக் குண்டு வேகத்தையும் சீக்கிரம் இழந்துவிடும். 1847இல் வந்த கோல்ட் வாக்கரின் அறை 60 கிரெய்ன் வரை கொள்ளும். ஆனால் துப்பாக்கியே நாலரை பவுண்டு. நாள் முழுக்க இடுப்பில் சுமக்க வேண்டுமே! உறுதிதான் முக்கியம் என்றால், ரூகர் ஓல்ட் ஆர்மி என்ற ரிவால்வரைப் பழைய துப்பாக்கிச் சந்தையில் தேடுங்கள். 2008இல் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள்.

பணம் கொடுப்பதற்கு முன் உங்கள் மாநில வேட்டை விதிப் புத்தகத்தைப் படித்துவிடுங்கள். விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். முன்வாய்த் துப்பாக்கி (மருந்தையும் குண்டையும் குழல் வாய் வழியாக இடுவது) வேட்டைப் பருவத்தில் ரிவால்வருக்கே இடமில்லாத மாநிலங்கள் உண்டு. காலிபர், குழல் நீளம், குண்டின் ஆற்றல் ஆகியவற்றுக்குக் குறைந்தபட்ச அளவு வைத்த மாநிலங்களும் உண்டு. ‘மத்தியச் சட்டப்படி இது பழம்பொருள், எந்தக் கட்டுப்பாடும் கிடையாது’ என்று கடைக்காரர் சொல்லலாம். அது விற்பனை பற்றிய பேச்சு. வேட்டைக்கு அனுமதி உண்டா என்பதற்கு அது பதில் ஆகாது.

விதி இடம் கொடுத்தால்கூட, 25 கெஜத்துக்கு மேல் சுடாதீர்கள். பக்கவாட்டில் நிற்கும் மானின் நுரையீரலுக்கு மட்டும் குறி வையுங்கள். அறை கொள்ளும் உச்ச மருந்தளவைவிட, குண்டுகள் நெருக்கமாக ஒரே இடத்தில் விழுகிற மருந்தளவே உங்களுக்கு வேண்டியது. அதைச் சுட்டுச் சுட்டுத்தான் கண்டுபிடிக்க முடியும். குண்டை அறைக்குள் அழுத்தும்போது அறையின் வாயில் மெல்லிய ஈய வளையம் சீவி விழ வேண்டும். விழவில்லை என்றால் குண்டு சிறிது. பக்கத்து அறைகளும் சேர்ந்து வெடிக்கும் ஆபத்து அதில் உண்டு. இவ்வளவு சொன்ன பிறகும் என் மனதுக்குப் பட்டது: காயத்தோடு ஓடும் மானை நினைத்தால், இந்த வேலைக்கு 50 காலிபர் முன்வாய் ரைபிளே மேல்.

கேள்வி: கறுப்பு மருந்து கிடைக்காவிட்டால் வேறு எதை இடலாம்?

பதில்: பைரோடெக்ஸ், டிரிபிள் செவன் போன்ற மாற்று மருந்துகளை இடலாம். எடையில் அளக்காமல், அளவுக் குப்பியால் கன அளவில் அளந்து இடுங்கள். டிரிபிள் செவனுக்கு வீரியம் அதிகம். 15 சதவீதம் குறைத்து இட வேண்டும். அப்புறம், இன்றைய தோட்டாக்களில் இருக்கும் புகையில்லா மருந்தை இதில் ஒரு சிட்டிகைகூடச் சேர்க்காதீர்கள், துப்பாக்கி கையிலேயே வெடித்துச் சிதறிவிடும்.