டெல்லியில் நான்கு இரவு: சிக்கன விடுதியா, ஐந்து நட்சத்திரமா?

காஞ்சிபுரத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "டிசம்பரில் டெல்லி போகிறோம். நான், கணவர், ஒன்பது வயது மகன், முழங்கால் வலியுள்ள மாமியார். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் வெள்ளிக்கிழமை காலை இறங்கி, செவ்வாய் காலை விமானத்தில் திரும்புகிறோம். பஹார்கஞ்சில் 2,000 ரூபாய்க்கு ரூம் கிடைக்கிறது. ஐந்து நட்சத்திர ஹோட்டலில் 12,000. தங்குவதற்கு 45,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறோம். ஒரு முறையாவது பெரிய ஹோட்டலில் தங்கிப் பார்க்க வேண்டும் என்று மாமியாருக்கு ஆசை. எதை எடுப்பது?"

மாமியாரின் ஆசையை நிறைவேற்றிவிடலாம். ஆனால் நான்கு இரவும் ஒரே இடம் வேண்டாம். முதல் மூன்று இரவு கரோல் பாக் பக்கம், மெட்ரோ நிலையத்துக்கு அருகில் ஒரு நடுத்தர ஹோட்டல். திங்கட்கிழமை இரவு மட்டும் ஐந்து நட்சத்திரம்.

ஏன் திங்கட்கிழமை? செங்கோட்டை, அக்‌ஷர்தாம், தாமரைக் கோயில் மூன்றுக்கும் அன்று விடுமுறை. தாஜ் மஹாலுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால் ஆக்ராவைச் சனிக்கிழமை வைத்துக்கொள்வீர்கள். அன்று விடிவதற்கு முன் கிளம்பினால், திரும்ப இரவாகிவிடும். ஞாயிறு முழுக்க செங்கோட்டை, குதுப் மினார் என்று சுற்றல். இந்த நாட்களில் பெரிய ஹோட்டல் எடுத்தால், நீங்கள் தூங்கும் நேரத்துக்கு மட்டும் 12,000 ரூபாய் கொடுப்பதாக ஆகும். ஐந்து நட்சத்திரத்தில் நாம் காசு கொடுப்பது அங்கே விழித்திருக்கும் நேரத்துக்கு. திங்கட்கிழமை மதியம் இரண்டு மணிக்கு அறைக்குள் போய், அன்று வேறெங்கும் போகாமல் இருந்தால்தான் அந்தப் பணத்துக்கு அர்த்தம். செவ்வாய் காலை விமானம் என்பதால் ஏரோசிட்டியில் பாருங்கள். அங்கிருந்து விமான நிலையம் மிக அருகில். ஆனால் காலை உணவும் வாடகையில் சேர்ந்திருந்தால், அதைச் சாப்பிட நேரம் இருக்கிறதா என்று விமான நேரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

சரி, கணக்குக்கு வருவோம். நீங்கள் பார்த்த 12,000 ஒரு அறைக்கு. மூன்று பெரியவர், ஒரு குழந்தை என்றால் பெரும்பாலான நட்சத்திர ஹோட்டல்களில் இரண்டு அறை கேட்பார்கள். அப்புறம் ஜிஎஸ்டி. 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள அறைக்கு 5 சதவீதம். அதைத் தாண்டினால் முழு வாடகைக்கும் 18 சதவீதம். ஆக இரண்டு அறைக்கு ஒரு இரவு 28,320 ரூபாய். நான்கு இரவுக்கு 1,13,280. நான் சொல்கிறபடி 4,500 ரூபாய் அளவில் நான்கு பேர் தங்கும் குடும்ப அறை ஒன்றை மூன்று இரவுக்கு எடுத்தால் வரியோடு 14,175. கடைசி இரவையும் சேர்த்து 42,495. உங்கள் 45,000-க்குள் அடங்கிவிடுகிறது. இந்த 7,500 ரூபாய் எல்லையை மறக்காதீர்கள். 7,400 ரூபாய் அறை வரியோடு 7,770 ஆகும். 7,900 ரூபாய் அறை 9,322 ஆகிவிடும்.

பஹார்கஞ்ச் ஸ்டேஷனுக்குப் பக்கம், விலையும் மலிவு. தனியாக வரும் இளைஞருக்குத் தாராளமாகச் சொல்வேன். முழங்கால் வலி உள்ளவருக்குச் சொல்ல மாட்டேன். சந்துகள் குறுகல், வண்டி வாசல் வரை வராத விடுதிகள் நிறைய, லிஃப்ட் இருந்தாலும் அதற்கு முன் நாலைந்து படி ஏற வேண்டியிருக்கும். ஜன்னலே இல்லாத அறைகளும் உண்டு.

நடுத்தர ஹோட்டலிலும் இணையத்தில் போட்டிருக்கும் நட்சத்திரத்தை நம்பி எடுக்காதீர்கள். மத்திய சுற்றுலா அமைச்சகம் தரும் நட்சத்திரம் வேறு, ஹோட்டலோ முன்பதிவுத் தளமோ போட்டுக்கொள்வது வேறு. நேரடியாகப் போன் செய்து பேசுங்கள். லிஃப்ட் தெரு மட்டத்திலிருந்தே தொடங்குகிறதா? குளியலறையில் வெந்நீர் எந்நேரமும் வருமா? ரூம் ஹீட்டர் தருவார்களா, அதற்குத் தனிக் காசா? டிசம்பர் கடைசியில் டெல்லியின் இரவு வெப்பநிலை ஏழெட்டு டிகிரிக்கு இறங்கும். சிக்கன விடுதிகளின் ஏசி பெரும்பாலும் குளிரவைக்க மட்டும்தான். அறையையும் மாடிப்படியையும் வாட்ஸ்அப்பில் வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பத் தயங்கும் இடத்தை விட்டுவிடுங்கள்.

மாடிப்படியைக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. 2019 பிப்ரவரியில் கரோல் பாக்கில் ஒரு ஹோட்டலில் அதிகாலையில் தீப்பிடித்து 17 பேர் இறந்தார்கள். அந்தப் பகுதியையே தவிர்க்கச் சொல்லவில்லை. கீழ்த்தளங்களில், திறக்கக்கூடிய ஜன்னல் உள்ள அறையாகக் கேளுங்கள். போனதும் படிக்கட்டு வழியில் பெட்டி, மெத்தை எதுவும் அடைத்து வைக்காமல் இருக்கிறதா என்று நடந்து பாருங்கள். இதில் கூச்சமே வேண்டாம்.

உங்கள் ரயில் காலையில் வந்துவிடும், செக்-இன் நேரமோ பன்னிரண்டு மணி. வந்ததும் அறை தருவார்களா என்று முன்பே பேசி, மெசேஜில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சில இடங்களில் நீங்கள் அறைக்குள் போன நேரத்திலிருந்து 24 மணி நேரக் கணக்கு உண்டு, உங்களுக்கு அது நல்லது. ஸ்டேஷன் வாசலில் யாராவது வந்து "அந்த ஹோட்டலை மூடிவிட்டார்கள், புக்கிங் ரத்தாகிவிட்டது" என்று சொல்வார்கள். புது டெல்லி ஸ்டேஷனில் இது பழைய ஏமாற்று. நிற்காமல் நடந்து, ஹோட்டல் எண்ணுக்கு நீங்களே போன் செய்யுங்கள்.

ஐந்து நட்சத்திரத்தில் இரவு உணவு சாப்பிட்டால் பில்லைப் பாருங்கள். உணவுக்கும் அங்கே 18 சதவீத ஜிஎஸ்டி. சர்வீஸ் சார்ஜ் தானாகச் சேர்த்திருந்தால் எடுக்கச் சொல்லலாம். அதைக் கட்டாயமாக வசூலிக்கக் கூடாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் தீர்ப்பளித்திருக்கிறது.

பனிமூட்டத்தால் டிசம்பரில் ரயில்கள் பல மணி நேரம் தாமதமாவது வழக்கம். அதனால் முதல் நாள் அறையை மட்டுமாவது இலவசமாக ரத்து செய்யும் வசதியோடு, பணம் ஹோட்டலில் கொடுக்கும்படி பதிவு செய்யுங்கள். பெரியவர்கள் எல்லோருடைய ஆதார் அசலும் கையில் இருக்கட்டும்.